துண்டு விழும் கணக்கு

மாதச் செலவைத் திட்டமிடுதல் என்பது இப்பொழுது நம் நாட்டிலே ஒரு பாடமாகிவிட்டது. 2022ஆம் ஆண்டின் நெருக்கடிக்குப் பின்னர் வங்கிகள் துண்டுப்பிரசுரம் அச்சிடுகின்றன; தொண்டு நிறுவனங்கள் கருத்தரங்கு வைக்கின்றன; பாடசாலைகளிலே காலைப் பிரார்த்தனை முடிந்ததும் சேமிப்பின் பெருமை பற்றி யாராவது ஒருவர் பேசுகின்றார். நாட்டைக் கடனில் ஆழ்த்தியவர்களுக்கு இத்தகைய வகுப்பு எதுவும் நடந்ததாக நாம் அறியோம். இருப்பினும், இந்த ஒரு காரணத்துக்காக அப்பாடத்தையே வேண்டாமென்று தள்ளிவிடுவது சரியன்று. நம் தோழர்களிற் சிலர் அவ்வாறு தள்ளிவிடுகின்றனர். "ஊதியம் போதாதவனுக்கு வரவுசெலவுக் கணக்கு எதற்கு? அது குட்டி முதலாளிகளின் பொழுதுபோக்கு" என்பது அவர்கள் வாதம். இவ்வாதத்தை நாம் ஏற்பதற்கில்லை. ஏன் என்பதைக் கூறவே இக்கட்டுரை.

2025ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், யாழ்ப்பாணத்திலே பல்கலைக்கழகத்தை அண்டிய ஒரு சனசமூக நிலையத்தில் ஆறு சனிக்கிழமை மாலைகளில் இப்பாடத்தை நடத்தித் தருமாறு மாணவர் சிலர் எம்மைக் கேட்டனர். பாடசாலைகளில் வணிகமும் கணக்கீடும் நெடுங்காலம் கற்பித்தவர் என்ற முறையிலே கேட்டார்கள் போலும். வந்தவர்கள் இருபத்துமூன்று பேர். அனைவரும் முதலாம் வருடத்தினர். பெரும்பாலோர் வெளி மாவட்டத்தவர். வன்னியிலிருந்தும், மட்டக்களப்பிலிருந்தும், மலையகத்திலிருந்தும் வந்து, வீடுகளின் பின்புறத்து அறைகளிலே மூவர் நால்வராய்க் கூடி வாழ்பவர்கள். பிறந்தது முதல் அன்றுவரை வீட்டின் கணக்கைத் தாயே பார்த்துவந்தார். இப்பொழுதுதான் முதன்முறையாக ஒரு மாதம் முழுவதும் அவர்கள் கையிலே வந்து நிற்கின்றது.

முதல் நாள் நாம் எதையும் போதிக்கவில்லை. ஒரு கொப்பித் தாளைக் கொடுத்து, ஒரு மாதம் வாழ்வதற்கு என்னென்ன வேண்டும் என்று எழுதச் சொன்னோம். வாடகை, சாப்பாடு, பஸ், கைத்தொலைபேசி ஆகிய நான்கையும் எல்லோரும் எழுதினர். அதன் பின்னர் பேனா தயங்கியது. சவர்க்காரத்தை எழுதியவர்கள் பாதிப்பேர். காய்ச்சல் வரும் என்று ஒருவரும் எழுதவில்லை. சப்பாத்துத் தேயும், குடை உடையும், கண்ணாடி மாற்றவேண்டி வரும் என்பதும் எழுதப்படவில்லை. விடுமுறைக்கு ஊருக்குப் போய்வரும் பஸ் கட்டணம், விரிவுரைக் குறிப்புகளுக்கான போட்டோப் பிரதிச் செலவு, ஆண்டு மாணவர் கூட்டங்களுக்குச் சேர்க்கும் பணம் எவையும் இல்லை. மாணவியர் பன்னிருவருள் மாதவிலக்குத் துணிக்கான செலவை எழுதியவர் இருவர் மட்டுமே. ஏனையோர் அதை மறந்துவிடவில்லை, எழுத வெட்கப்பட்டனர் என்பது பிற்பாடு தெரிந்தது. எழுதப்படாத செலவு நிகழாத செலவாகிவிடாது. அது வேறொரு செலவை விழுங்கிக்கொண்டுதான் வரும்.

மாதம் என்ற அளவே ஒரு சிக்கல். உத்தியோகத்தனுக்கு மாதம் என்பது இயல்பான அளவு. இருபத்தைந்தாந் திகதி அவனுக்குச் சம்பளம் வருகின்றது. கடலுக்குப் போகின்றவனுக்கும், கூலிக்குப் போகின்றவனுக்கும் நாளே அளவு. கமக்காரனுக்குப் போகமே அளவு. இம்மாணவர்கள் அத்தகைய வீடுகளிலிருந்து வந்தவர்கள். வெங்காயம் விற்ற காசு ஒருமுறை மொத்தமாக வரும். அதன் பின்னர் மூன்று மாதம் ஒன்றும் வராது. உதவுதொகையும் அப்படித்தான், முதற்பணம் பிந்தியே வரும் என்று அவர்களுக்கு முன்னே போனவர்கள் சொல்லியிருந்தனர். ஆகவே கட்டியாக வருவதைச் சிறிதாக உடைப்பதும், கட்டியாகப் போவதற்குச் சிறிது சிறிதாகச் சேர்ப்பதுமே இப்பாடத்தின் முதற்படி. நம் யாழ்ப்பாணத்துப் பெண்கள் இதைப் பள்ளிக்கூடம் போகாமலே அறிந்திருந்தனர். மாரிகாலத்துக்கென்று ஒடியலும் புழுக்கொடியலும் காயவைத்துக் கட்டிவைத்தது பொருளாகச் செய்த வரவுசெலவுத் திட்டமன்றி வேறென்ன? உலையில் அரிசி போடும்போதெல்லாம் ஒரு பிடியை எடுத்து வேறொரு பானையிலிடும் பிடியரிசி வழக்கமும் அத்தகையதே. வகுப்பிலே மாணவியரின் கணக்குகள் மாணவரின் கணக்குகளிலும் திருத்தமாக இருந்தமைக்கு அடுப்படியிலே தாயின் பக்கத்தில் நின்றதே காரணம் என்று நாம் கருதுகின்றோம். மாணவர்களோ சாப்பாடு தட்டிலே தோன்றுகின்ற பொருள் என்றே அதுவரை நம்பியிருந்தனர்.

இரண்டாம் வாரம் ஒரு மாணவர் வங்கியொன்றின் துண்டுப்பிரசுரத்தைக் கொண்டுவந்தார். வருமானத்தில் ஐம்பது வீதம் தேவைகளுக்கு, முப்பது வீதம் விருப்பங்களுக்கு, இருபது வீதம் சேமிப்புக்கு என்று அதிலே வட்டமாகப் படம் வரைந்து காட்டப்பட்டிருந்தது. இந்த விதி வானத்திலிருந்து வந்ததன்று. அமெரிக்காவிலே எலிசபெத் வாறன் என்ற சட்டப் பேராசிரியரும் அவர் மகளும் சேர்ந்து 2005ஆம் ஆண்டிலே வெளியிட்ட ஒரு நூலினால் பரவியது. வரி கழித்த பின் கையில் வரும் சம்பளத்தை மனத்திற்கொண்டு, கடனட்டைகளிலே சிக்கித் தவித்த அந்நாட்டு மத்தியதர வர்க்கத்துக்கு அவர்கள் கூறிய யோசனை அது. அவர்களுக்கு அது பயன்பட்டிருக்கலாம். அதைக் கொண்டுவந்து நம் மாணவனின் கையிலே கொடுத்தால் என்ன நிகழும்?

கரும்பலகையிலே போட்டுப் பார்த்தோம். மகாபொல உதவுதொகை 2025ஆம் ஆண்டின் வரவுசெலவுத் திட்டத்திலே 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாக உயர்த்தப்பட்டது. அதுவே ஒருவனது முழு வருமானம் என்று கொள்வோம். வகுப்பிலே ஐவருக்கு அவ்வாறே இருந்தது. ஐம்பது வீதம் 3,750 ரூபா. நாளொன்றுக்கு 125 ரூபா. அதற்குள் மூன்று வேளைச் சாப்பாடும், வாடகையும், பஸ்ஸும் அடங்க வேண்டும். விருப்பங்களுக்கு 2,250 ரூபா இருக்கின்றது! வகுப்பு சிரித்தது. "விருப்பத்தைத் தேவைக்குக் கடன் குடுக்கலாமோ, சேர்?" என்று ஒருவர் கேட்டார்.

சிரிப்பு அடங்கிய பின்னர், அட்டன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்த மாணவர் எழுந்தார். பின்வரிசையிலிருந்து அதிகம் பேசாதவர். அவருடைய தாள் நம் கையில் இருந்தது. அதிலே நான்காம் வரியாக 'வீட்டுக்கு - 2,000' என்று எழுதியிருந்தார்.

"சார், வீட்டுக்கு அனுப்புறத எந்தப் பக்கம் போடுறது? தேவையிலயா, விருப்பத்திலயா?"

வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. படிக்க வந்தவன் உதவுதொகையை வீட்டுக்கு அனுப்புவது முறையாகாது, அது விருப்பமே என்றார் ஒருவர். அவருடைய தகப்பனார் அரசாங்க உத்தியோகத்தர். மட்டக்களப்பிலிருந்து வந்த மாணவி உடனே எழுந்து, அப்படியானால் செத்தவீட்டுக்கு ஊருக்குப் போகும் பஸ் காசும் விருப்பமா என்று கேட்டார். தோட்டத்து மாணவர் தம் கணக்கை விளக்கினார். தாய் கொழுந்து பறிப்பவர். தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021ஆம் ஆண்டிலே 1,000 ரூபாவாகவும், 2024ஆம் ஆண்டு செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்டது உண்மையே. ஆயின் அது வேலை கொடுக்கப்படும் நாளுக்கான சம்பளம். மாதத்திலே எத்தனை நாள் பெயர் போடப்படும் என்பது தாயின் கையில் இல்லை. தங்கை உயர்தரம் படிக்கின்றாள். அந்த 2,000 ரூபா அவளுடைய வகுப்புக்கும் பஸ்ஸுக்கும் போகின்றது. "அவ நின்னுட்டா, நான் படிச்சு என்ன சார்?" என்றார்.

யாழ்ப்பாணத்தவராகிய நமக்கு இதிலே வியப்பெதுவும் இருத்தலாகாது. மலாயாவிலும் கொழும்பிலும் லிகிதர் வேலை பார்த்தவர்கள் மாதந்தோறும் அனுப்பிய மணியோடரிலே ஒரு சமுதாயமே வளர்ந்ததென்பது யாவரும் அறிந்தது. நம் பொருளாதாரத்துக்கே மணியோடர்ப் பொருளாதாரம் என்று பெயர் வந்தது. இன்று கனடாவிலிருந்தும் சுவிற்சர்லாந்திலிருந்தும் வருவதன் பெயர் மாறியிருக்கின்றதேயன்றித் தன்மை மாறவில்லை. தனிமனிதன் ஒருவன், அவனுக்கு ஒரு சம்பளம், அவனே அதன் உடைமையாளன் என்று கருதும் வட்டப்படத்துக்கு இது விளங்காது. அன்று வகுப்பு, 'வீட்டுக்கு' என்பதை வாடகைக்கு அடுத்த வரியிலே, தேவைகளின் பகுதியில் எழுதுவது என்று தீர்மானித்தது. உத்தியோகத்தரின் மகனும் பின்னர் இணங்கினார். அரைமனத்தோடுதான் என்பதையும் சொல்லவேண்டும்.

ஏழைகளின் கணக்கைப் பார்த்து அவர்களுக்குப் புத்தி சொல்லும் வழக்கம் புதிதன்று. மூன்றாம் வாரத்தை நாம் இவ்வரலாற்றுக்கே ஒதுக்கினோம். பெல்ஜிய நாட்டுத் தொழிலாளர் குடும்பங்களின் வரவுசெலவுக் கணக்குகளை ஆராய்ந்து, குடும்பம் எவ்வளவுக்கு ஏழையோ அவ்வளவுக்கு அதன் செலவிலே உணவின் பங்கு பெரிதாயிருக்கும் என்று 1857ஆம் ஆண்டிலே காட்டினார் சக்ஸனி நாட்டுப் புள்ளிவிபரவியலாளர் எங்கெல். (எங்கெல்ஸ் அல்லர், ஈற்றெழுத்தைக் கண்டு மாணவரிருவர் மகிழ்ந்தனர், நாம் திருத்தவேண்டியதாயிற்று.) சீபோம் றவுன்ட்றீ என்ற சொக்லேற் உற்பத்தியாளர் யோர்க் நகரத்துத் தொழிலாளரை 1899ஆம் ஆண்டில் ஆராய்ந்து 1901இல் நூல் வெளியிட்டார். உடல்வலு குன்றாதிருக்க ஒரு குடும்பத்துக்கு வாரத்துக்கு என்ன வேண்டும் என்று பென்ஸ் கணக்கில் அளந்து அவர் ஒரு கோடு வரைந்தார். கணவன், மனைவி, மூன்று பிள்ளைகள் கொண்ட குடும்பத்துக்கு 21 சிலிங் 8 பென்ஸ். அந்தக் கோட்டில் நிற்கும் குடும்பம் பத்திரிகை வாங்கக்கூடாது; புகைவண்டியில் ஏறக்கூடாது; வெளியூர்ப் பிள்ளைக்குக் கடிதம் எழுத முத்திரை வாங்கக்கூடாது; குழந்தைக்கு ஒரு பொம்மை வாங்கக்கூடாது. இவற்றையெல்லாம் விட்டுவிட்டே அவர் கணக்கிட்டார். விட்டுவிட்டதை மறைக்காமல் நூலிலேயே எழுதியும் வைத்தார். இது அவருடைய நேர்மை. நம் நாட்டிலும் தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் மாவட்டந்தோறும் ஓர் ஆளுக்கு மாதமொன்றுக்கு வேண்டிய மிகக்குறைந்த செலவை வறுமைக் கோடாக வெளியிட்டுவருகின்றது. மாணவர்கள் தம் கணக்குகளை அதனோடு ஒப்பிட்டுப் பார்த்தனர். ஒப்பிட்டபின் சிறிது நேரம் வகுப்பிலே பேச்சில்லை.

ஆயினும் மாணவர் மனத்தை மிகவும் தொட்டது, மோட் பெம்பர் றீவ்ஸ் என்ற பெண்மணி 1913இல் வெளியிட்ட நூலே. 'வாரத்துக்கு ஒரு பவுண் அளவில்' என்று அதன் பெயரைத் தமிழிற் கூறலாம். இலண்டன் நகரிலே லம்பெத் பகுதியில், பேபியன் மாதர் குழுவினர் 1909 முதல் நான்காண்டுகள் தொழிலாளர் வீடுகளுக்கு வாரந்தோறும் சென்றனர். குழந்தை பிறப்பதற்கு முன்னும் பின்னும் தாய்க்குப் போஷாக்குக்கான உதவி கொடுத்தனர். அதற்கு ஈடாக அத்தாய்மார் ஒவ்வொரு வாரமும் வீட்டுக் கணக்கை எழுதவேண்டும். எழுதத் தெரியாத பெண்கள் கணவனிடமோ பிள்ளையிடமோ சொல்லி எழுதுவித்தனர். வாரத்துக்கு 18 முதல் 30 சிலிங் வரை வருமானமுள்ள வீடுகள் அவை. கணவன்மார் குடிகாரர் அல்லர். ஒழுங்காக வேலைக்குப் போகின்றவர்கள்.

அக்கணக்குகளிலே வெளிப்பட்டது யாது? ஏழைப் பெண்கள் ஊதாரிகள் என்று அக்கால மேன்மக்கள் பேசிவந்தனர். கணக்கோ, ஒவ்வொரு அரைப் பென்ஸும் பலமுறை எண்ணப்பட்டே செலவானது என்பதைக் காட்டியது. வாடகை கழிந்ததும் கையில் மிஞ்சியது சொற்பம். நிலக்கரியைச் சிறிது சிறிதாக வாங்கியதால் செல்வரைவிடக் கூடுதலான விலையை அவர்கள் கொடுத்தனர். வாரந்தவறாமல் ஒரு தொகை பிள்ளைகளின் மரணச் சடங்குக் காப்புறுதிக்குப் போயிற்று. இதை வீண்செலவென்று மேன்மக்கள் கண்டித்தனர். தன் பிள்ளையைப் பிச்சைச் செலவிலே புதைக்கக்கூடாது என்பதே தாயின் எண்ணம். மலிவும் சத்துமான கஞ்சியைக் காய்ச்சிக் கொடுக்கலாமே என்பது இன்னொரு போதனை. கஞ்சிக்குப் பாலும் சீனியும் வேண்டும். அடிப்பிடித்த ஒரே பழம்பானையில் மீன்வாடையோடு காய்ச்சிய கஞ்சியைப் பிள்ளைகள் தின்ன மறுத்தன என்பதை அந்நூலாசிரியை பொறுமையோடு எழுதுகின்றார். 2022இலே நமக்குச் சத்துணவு பற்றி உபதேசம் செய்தவர்களை நினைத்துக்கொண்டோம்.

அந்நூலிலே மற்றொரு செய்தியும் உண்டு. இறைச்சி கணவனுக்கு, அவன் வேலைக்குப் போகவேண்டும். எஞ்சியது பிள்ளைகளுக்கு. தாய்க்கு வரும் பங்கு எல்லாவற்றிலும் சிறிது. குறைந்த வருமானத்திலே கணக்குச் சரியாக நின்றதென்றால், அது தாயின் வயிற்றின் மேலேதான் நின்றது.

நாலாம் வாரம் கணக்குகளைத் திருத்தும்போது இதை நாம் நேரே கண்டோம். ஒரு மாணவியின் தாள். ஊரையும் பெயரையும் எழுதோம். கடற்றொழில் செய்யும் வீடு. மண்ணெண்ணெய் விலை 2022 ஆகஸ்டில் ஒரே இரவிலே லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறியபோது இயந்திரப் படகுகள் கரையிற் கிடந்தன. அப்பொழுது பட்ட கடனை அவ்வீடு இன்னும் அடைத்துக்கொண்டிருந்தது. மாணவியின் கையெழுத்து முத்துமுத்தாக இருந்தது. கோடுகள் அளவுகோல் வைத்து வரைந்தவை. வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு. இரண்டும் சதம் பிசகாமல் ஒன்றாயிருந்தன. பரீட்சைத் தாளாயின் முழுப்புள்ளியும் கொடுத்திருப்போம். ஆயின் நாளாந்தக் குறிப்பைப் பார்த்தபொழுது, காலைச் சாப்பாட்டுக்கான கட்டம் மாதத்தின் பத்தொன்பது நாட்களில் வெறுமையாக இருந்தது. மீதிப் பதினொரு நாட்களிலும் அரை றாத்தல் பாணும் தேநீரும்.

இதை என்னென்பது? பிரசுரத்தின்படி அவர் வெற்றி பெற்றவர். கடன் இல்லை, வீண்செலவு இல்லை, வரவுக்குள் செலவை அடக்கிவிட்டார். வருவாய் சிறிதெனினும் செலவு அதை மிஞ்சாவிட்டாற் கேடில்லை என்னும் பழைய அறவுரையை நாமும் மேடைகளிற் கேட்டுவந்திருக்கின்றோம். வருவாயின் சிறுமைக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக்குக் கீழே போய்விட்டால், செலவைச் சுருக்குவதென்பது உடலைச் சுருக்குவதாகிவிடும்; விரிவுரை மண்டபத்தில் காலை ஒன்பது மணிக்கு மயங்கிச் சரிவதாகிவிடும்.

ஒருவர் வறுமையைப் பலர் முன்னிலையில் எடுத்துக்காட்டுவது ஆசிரியத் தொழிலுக்கு அடாது. அடுத்த சனிக்கிழமை எவர் தாளையும் நாம் காட்டவில்லை. கரும்பலகையிலே இலங்கை அரசாங்கத்தின் வரவுசெலவுத் திட்டத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினோம். சுதந்திரம் பெற்ற நாள் முதல் மிகப்பெரும்பாலான ஆண்டுகளில் அரசாங்கத்தின் செலவு வரவை மிஞ்சியே வந்திருக்கின்றது. அதை எவரும் மறைப்பதில்லை. துண்டு விழும் தொகை என்று அதற்கொரு பெயரிட்டு, நிதியமைச்சர் பாராளுமன்றத்திலே எழுந்து வாசிக்கின்றார். மறுநாட் பத்திரிகைகள் அதைக் கொட்டை எழுத்திற் போடுகின்றன. பின்பு அதை எங்கே தேடுவது, எவரிடம் வாங்குவது என்று விவாதம் நடைபெறுகின்றது. "அரசாங்கத்துக்குத் துண்டு விழலாமென்றால், உங்கள் கொப்பியிலே ஏன் துண்டு விழக்கூடாது?" என்று கேட்டோம்.

"அப்பிடி எழுதினா கணக்குப் பிழைச்சுப் போகுமே, சேர்?" என்றார் ஒரு மாணவி.

பிழைக்கட்டும் என்றோம். வரவை முதலில் எழுதி அதற்குள் வாழ்வை வெட்டிப் பொருத்தும் முறையை விட்டுவிட்டு, வேண்டுவனவற்றை முதலில் எழுதுமாறு சொன்னோம். மூன்று வேளைச் சாப்பாட்டின் கட்டங்கள் முப்பது நாளுக்கும் முதலில் நிரப்பப்படவேண்டும். அடுத்து இருப்பிடம், பயணம், மருந்து, படிப்பு, வீட்டுக்கு. அவற்றின் கூட்டுத்தொகைக்குக் கீழேதான் வரவு. இரண்டுக்குமிடையே உள்ள வித்தியாசத்தைச் சிவப்பு மையினால், துண்டு விழும் தொகை என்ற பெயருடனே எழுதவேண்டும். அதை எவ்வாறு நிரப்புவது, எவ்வளவை நாமே நிரப்பலாம், எவ்வளவை எவரிடம் கேட்பது என்பவை அதன் பின்னர் வரும் வினாக்கள். துண்டை முதலிற் கண்ணாற் காணவேண்டும்.

நாமே நிரப்பக்கூடியவை சில இருந்தன. நால்வர் நான்கு தனிப்பொதி அரிசி வாங்குவதை விட்டு ஒரு மூடையாக வாங்கலாம். சவர்க்காரத் தூளையும் தேயிலையையும் சிறு பைக்கற்றுகளாக வாங்குவதன் நட்டத்தை அவர்கள் தாமே அளந்து கண்டனர். லம்பெத்தின் நிலக்கரி நினைவுக்கு வந்தது. முறைவைத்துச் சமைப்பதற்கு இரண்டு அறைகள் கூடிக்கொண்டன. வட்டியைப் பற்றிய கணக்கும் அந்த வகையிலேதான் வந்தது. தவணைக்குக் கைத்தொலைபேசி வாங்கிய மாணவர் ஒருவர், மாதம் இரண்டு வீதந்தான் வட்டி என்று சொன்னார். 10,000 ரூபாவைப் பத்து மாதத்தில், மாதம் 1,000 ரூபா முதலும் 200 ரூபா வட்டியுமாகக் கட்டி முடிப்பது. கேட்பதற்குச் சிறிதாகத்தான் இருந்தது. ஆயின் முதல் மாதம் அவர் கையிலிருந்த கடன் 10,000. இரண்டாம் மாதம் 9,000. இறுதி மாதம் 1,000. சராசரியாகப் பார்த்தால் 5,500 ரூபா மாத்திரமே அவர் கையில் நின்றது. அதற்குப் பத்து மாதத்தில் 2,000 ரூபா வட்டி. அதாவது மாதமொன்றுக்கு ஏறக்குறைய மூன்றரை வீதத்துக்கும் மேல். சொல்லப்பட்ட வட்டியும் வாங்கப்பட்ட வட்டியும் வெவ்வேறானவை. நுண்கடன் கொடுத்தவர்கள் நம் கிராமங்களிலே பெண்களின் வீட்டு வாசலிற் கிழமைதோறும் வந்து நின்று வசூலித்ததும் இத்தகைய எண்களைக்கொண்டுதான். 2021ஆம் ஆண்டில் பொலன்னறுவை மாவட்டத்து ஹிங்குராக்கொடையிலே அக்கடனால் நொந்த சிங்களப் பெண்கள் வாரக்கணக்காகச் சத்தியாக்கிரகம் இருந்தனர். வகுப்பிலே பாதிப்பேர் அதைக் கேள்விப்பட்டிருக்கவில்லை. தங்கள் தாய்மாரின் கடனும் அப்பெண்களின் கடனும் ஒரே அச்சில் வார்த்தவை என்று அறிந்தபோது அவர்களுக்கு உண்டான வியப்பை நாம் மறக்கமாட்டோம்.

நாமே நிரப்பமுடியாத துண்டோ மிகப் பெரிது. கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 வீதம், உணவுப் பொருள்களில் 94.9 வீதம். ஓராண்டின் முன்னர் எழுதிய கொப்பி பயனற்றுப் போயிற்று என்பதே இதன் பொருள். மின்சாரத்தை எடுத்துக்கொள்வோம். மாதம் 30 அலகு மட்டும் பாவிக்கும் வீட்டுக்கு முன்னர் அலகுக்கு இரண்டரை ரூபாவும் நிலையான கட்டணம் 30 ரூபாவுமாக 105 ரூபா வந்தது. 2022 ஆகஸ்டில் அது அலகுக்கு 8 ரூபாவும் நிலையான கட்டணம் 120 ரூபாவுமாகி 360 ரூபாவாயிற்று. 2023 பெப்ரவரியில் அலகு 30 ரூபா, நிலையான கட்டணம் 400 ரூபா. மொத்தம் 1,300 ரூபா. ஒரு விளக்கும் ஒரு விசிறியும் எரிந்த வீட்டுக்கு ஆறு மாதத்துக்குச் சற்று மேற்பட்ட காலத்திலே பன்னிரண்டு மடங்கு! பின்னர் அக்கட்டணம் பலமுறை குறைக்கப்பட்டது. ஆயின் எந்தச் சிக்கனத்தால் அந்த 1,195 ரூபாவை அவ்வீடு அன்று மிச்சம் பிடித்திருக்கக்கூடும்? 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 18 வீதமாயிற்று. பணக்காரன் வாங்கும் பொருளுக்கும் மாணவன் வாங்கும் பொருளுக்கும் ஒரே வீதம். முழு வருமானத்தையும் கடையிலே கொடுத்துவிட்டு வருகின்றவனுக்கே அது பெருஞ்சுமை.

தொடக்கத்தில் நாம் குறிப்பிட்ட தோழர்களுக்கு இப்பொழுது விடை கூறலாம். 1953ஆம் ஆண்டிலே அன்றைய அரசாங்கம் பங்கீட்டரிசியின் விலையைக் கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏற்றியது. பாடசாலைப் பிள்ளைகளின் மதிய உணவையும் நிறுத்தியது. ஆகஸ்ட் 12ஆந் திகதி நாடு முழுவதும் ஹர்த்தால் எழுந்தது. துப்பாக்கிச் சூட்டிலே உயிர்கள் பறிபோயின. சில வாரங்களில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். அன்று தெருவில் இறங்கிய பெண்களுக்குப் பொருளாதாரக் கோட்பாடு தெரிந்திருக்க வேண்டியதில்லை. 45 சதம் தம் வீட்டிலே எந்தப் பானையை வெறுமையாக்கும் என்பது துல்லியமாகத் தெரிந்திருந்தது. வீட்டுக் கணக்கை ஏளனம் செய்கின்றவர்கள் இதை மறந்துவிடுகின்றனர். கணக்கில்லாத முறைப்பாட்டை அதிகாரிகள் புலம்பல் என்று ஒதுக்கிவிடுவர்.

ஆறாம் சனிக்கிழமை, இருபத்துமூன்று பேரின் சிவப்பு எண்களையும் பெயரின்றி ஒரே தாளிலே கூட்டினோம். அத்தொகையை இங்கே நாம் எழுதவில்லை. இருபத்துமூன்று பேரின் கணக்கு நாட்டின் கணக்காகாது. மாணவர் ஒன்றியத்துக்கு ஒரு கடிதம் எழுதுவதெனவும், சிற்றுண்டிச்சாலையிலே காலைச் சாப்பாடு ஒன்றைக் குறைந்த விலையில் ஒழுங்கு செய்யும்படி கேட்பதெனவும், அக்கடிதத்தோடு அந்தத் தாளை இணைப்பதெனவும் முடிவாயிற்று. பன்னிரண்டு பொருள்களின் விலையை நகரத்தின் மூன்று கடைகளிற் சனிக்கிழமைதோறும் குறித்துவைக்க ஒரு பொதுக் கொப்பியும் தொடங்கப்பட்டது. முதற்பக்கத்தைக் கோடிட்டுத் தந்தவர் அளவுகோல் வைத்து எழுதும் அந்த மாணவியே.

கடிதத்தின் வாசகம் பற்றிப் பெரிய தர்க்கம் எழவில்லை. தர்க்கம் எழுந்தது தேவைப் பட்டியலிலே பத்திரிகையும் மாதச் சஞ்சிகையும் இடம்பெறலாமா என்பதில்தான். றவுன்ட்றீ விட்டதை நாங்களும் விடுவதா என்று தோட்டத்து மாணவர் கேட்டார். கைத்தொலைபேசியில் இலவசமாகப் படிக்கலாமே என்றனர் சிலர். ஈற்றிலே வாக்கெடுக்கப்பட்டது. பன்னிரண்டுக்குப் பதினொன்று. சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் கீழே, பஸ் கட்டணத்துக்கு மேலே அது எழுதப்பட்டது.